நனைத்தும் பொரிக்காத கில்லி முட்டை: கொட்டிவிட வேண்டாம்

கேள்வி: சென்னை கொளத்தூர் பக்கம் கப்பி, மோலி போன்ற வண்ண மீன்களை வளர்த்து விற்கிறேன். புதிதாக ஏதாவது செய்து பார்ப்போம் என்று குந்தரி கில்லி மீனின் முட்டைகளை ஒருவரிடம் வாங்கினேன். ஈரமான தென்னை நார்த்தூளில் வைத்து கூரியரில் அனுப்பியிருந்தார். எடுத்து மூன்று வாரம் ஆகிறது என்று பையில் எழுதியிருந்தது. வந்த அன்றே தண்ணீர் ஊற்றினேன். ஏதோ சில மட்டும் பொரித்தன. அவையும் மேலே எழும்பி நீந்தாமல், அடியில் வயிற்றைத் தேய்த்தபடி கிடந்து செத்துவிட்டன. மீதி முட்டைகள் கெட்டுவிட்டனவா? இந்த மீனைத் தொழிலாகச் செய்ய முடியுமா?

பதில்: அந்த நார்த்தூளை முதலில் பத்திரப்படுத்துங்கள். முட்டைகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

குந்தரியின் சொந்த இடம் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும் குட்டைகளில் வாழ்வது. குட்டை வற்றினால் பெரிய மீன்கள் அத்தனையும் செத்துவிடும். சேற்றுக்குள் முட்டைகள் மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அதற்காகவே கரு தன் வளர்ச்சியை மூன்று கட்டங்களில் நிறுத்தி வைத்துக்கொள்ளும். ஒரே நாளில் இட்ட முட்டைகள்கூட ஒன்றாகத் தயாராவதில்லை. பருவம் தவறிய ஒரு மழை பெய்து, குட்டை சீக்கிரமே காய்ந்துபோனால், எல்லாம் பொரித்திருந்தால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் ஒரு பகுதி அசையாமல் தூங்கும். இந்தக் குணம் உங்கள் பைக்குள்ளும் அப்படியே இருக்கிறது.

24 டிகிரி அளவில் வைத்தால் குந்தரி முட்டை தயாராக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சென்னை வெயிலில் அதற்கு முன்பே ஆகலாம். ஆகவே பையில் எழுதிய தேதியை மட்டும் நம்பாதீர்கள், முட்டையைப் பாருங்கள். ஒரு சிட்டிகை தூளை வெள்ளைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். உள்ளே தெளிவாக, தேன் நிறமாக இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. சுருண்ட குஞ்சும், பொன் வளையம் போட்ட இரண்டு கண்களும் தெரிந்தால்தான் தண்ணீர். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தவற்றை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: தூளை மெல்லிய வலையில் வடித்து, லேசாகப் பிழிந்து, செய்தித்தாளில் சில மணி நேரம் ஆற விடுங்கள். புட்டு மாவு பதம் வந்ததும் பாலிதீன் பையில் கட்டி, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று நான்கு வாரம் கழித்துத் தட்டில் போட்டுப் பாருங்கள். தயாரான பின் நனைத்து, பொரித்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பவும் இதேபோல உலர்த்தி வைக்கலாம்.

அடியில் தேய்ந்த குஞ்சுகளுக்கு வருவோம். பொரித்த குஞ்சு மேலே வந்து காற்றை விழுங்கித்தான் நீச்சல் பையை (மிதக்க உதவும் காற்றுப் பையை) நிரப்பும். வளர்ச்சி முடியாமல் வந்த குஞ்சுக்கு அந்தத் தெம்பு இருக்காது. ஆழமான தண்ணீராக இருந்தால் இன்னும் சிரமம். அடுத்த முறை அகலமான தட்டில் நான்கைந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். தண்ணீர் 20 டிகிரி பக்கம் குளிர்ந்திருக்கட்டும். அப்படியும் தேயும் குஞ்சுகளைத் தேற்றப் போராட வேண்டாம், தேறாது.

நல்ல குஞ்சுக்கு முதல் நாளே ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால் வகையின் குஞ்சு பொரித்துத் தர வேண்டும். பழையது இல்லாமல், அன்றன்று பொரித்ததாக, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. தூள் தீவனத்தைச் சீண்டாது. தின்பதற்கேற்பக் கழிவும் சேரும் என்பதால் அடியை உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரில் காற்று மெதுவாக வந்தால் போதும். நான்காவது வாரத்தில் ஆணுக்கு நிறம் ஏறத் தொடங்கும். இந்த இனத்தில் எல்லாமே வேகம்தான். மொசாம்பிக்கில் உள்ள இதன் உறவுக்காரன் ஃபர்செரி, குட்டையில் பொரித்த இரண்டே வாரத்தில் முட்டையிடும் அளவுக்கு முதிர்ந்துவிடுகிறது. மூப்பைப் பற்றி ஆராயும் ஆய்வகங்கள் அதை விரும்பி வளர்ப்பதற்கும் அதன் குறுகிய ஆயுள்தான் காரணம். குந்தரி தொட்டியில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும்.

இந்த மீன்களைப் பெரிதும் கொல்வது வெல்வெட் நோய். உடம்பில் பொன் தூசி படிந்தது போலத் தெரியும், துடுப்புகளை மடக்கிக்கொண்டு நிற்கும். வந்த பின் ஓடுவதைவிட, தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பை முதலிலிருந்தே போட்டு வைப்பது நல்லது. சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை இந்தத் தொட்டிக்குள் விடவே விடாதீர்கள். மொய்னா என்ற சிறு நீர்ப்பூச்சி, நறுக்கிய மண்புழு போதும்.

இனப்பெருக்கம் சுலபம். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வையுங்கள். இரண்டு ஆண்களைச் சின்னத் தொட்டியில் விட்டால் சண்டைதான். ஓர் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே நார்த்தூளை மூன்று விரல் கனம் நிரப்பி இறக்கிவிட்டால் மீன்கள் அதற்குள் போய் முட்டையிடும். தூளில் உப்பு இருக்கும். பல தண்ணீர் மாற்றி அலசி, கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகே பயன்படுத்துங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை தூளை மாற்றினால் முட்டைகளை வயது வாரியாகப் பிரித்து வைக்கலாம்.

சரி, தொழில்? கப்பிக்குப் பதிலாக இது என்றால் வேண்டாம் என்பேன். கடையில் வந்து கேட்பவர் குறைவு, விற்காமல் நின்றுபோனால் மீனின் ஆயுளும் கரைந்துகொண்டே இருக்கும். முட்டை விற்பனையில்தான் வாய்ப்பு உண்டு. தண்ணீர், ஆக்சிஜன் பை எதுவும் வேண்டாம், சின்னப் பொட்டலம் போதும். ஆனால் எடுத்த தேதியையும் எப்போது நனைக்க வேண்டும் என்பதையும் எழுதாமல் அனுப்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து முட்டை வரவழைப்பதானால் அரசின் இறக்குமதி அனுமதி தேவை. இன்னொன்று, மிஞ்சிய மீனையோ தூளையோ ஏரி, குட்டைப் பக்கம் கொட்டக் கூடாது. கோடையில் காய்ந்து மழையில் நிறையும் நம் குட்டைகள் இந்த மீனுக்கு நன்றாகவே ஒத்துப்போகக்கூடும். வேண்டாத தூளை வெந்நீர் ஊற்றிய பிறகு செடிக்குப் போடுங்கள்.