ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் பியானோ வாசிப்பில் ஏன் தப்பு விழுவது போலவே கேட்கிறது?

தப்பெல்லாம் இல்லை, தெரிந்தே செய்வதுதான். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அடித்து ஒன்றை மட்டும் சட்டென்று விட்டுவிடுவார், அப்போது சுரம் வளைவது போல ஒரு பிரமை வரும். கமகத்துக்கு வழியே இல்லாத வாத்தியத்தில் இதைச் செய்திருக்கிறார் மனிதர்! விரல்களை மடக்காமல் நீட்டியே அடிப்பதால் ஒலியிலும் ஒரு முரட்டுத்தனம் இருக்கும். அப்புறம் அந்த மௌனங்கள்: மற்றவர்கள் பத்து சுரம் போடும் இடத்தில் இரண்டு போட்டுவிட்டுச் சும்மா இருப்பார், சில சமயம் சாக்ஸபோன்காரரை வாசிக்க விட்டு எழுந்து ஆடவே போய்விடுவார்.

1940களின் தொடக்கத்தில், நியூயார்க் ஹார்லெமின் மின்டன்ஸ் கிளப்பில் பிபாப் என்ற புது ஜாஸ் பாணி உருவானபோது அங்கே நிரந்தரப் பியானோக் கலைஞர் இவர்தான். 1951இல் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் சிக்கி, நகரத்துக் கிளப்களில் வாசிக்கும் அனுமதி அட்டை பறிபோனது. அது திரும்பக் கிடைத்த 1957இல் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது. 1964இல் டைம் இதழின் அட்டையிலேயே வந்தார். 1970களின் நடுவில் மேடையை விட்டு ஒதுங்கி, 1982இல் காலமானார்.

புதிதாகக் கேட்பவர் என்றால் அவர் தனியாக வாசித்த பதிவுகளில் தொடங்குங்கள், இடது கையைக் கவனித்தால் பழைய ஹார்லெம் ஸ்ட்ரைட் பாணி, அதாவது இடது கை தாழ்ந்த சுரத்துக்கும் நடுக் கட்டைகளுக்கும் மாறி மாறித் தாவும் பாணி, தெளிவாகவே கேட்கும்.