சிப்பி சாகிறது: விதையை மாற்றுமுன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு விரிகுடாவில் மிதவை கட்டி, தட்டுகளில் உண்ணும் சிப்பி வளர்க்கிறேன். கடந்த இரண்டு வெயில் காலத்திலும் கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அறுவடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரிய சிப்பிகள் வாய் பிளந்து சாகின்றன. சின்னவை தப்பிக்கின்றன. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன், காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். விதை, அதாவது வளர்ப்பதற்கான குஞ்சுச் சிப்பி, கொண்டுவரும் தரகர் “சூடு தாங்கும் விதை” வந்திருப்பதாகச் சொல்கிறார். விலை இரண்டு மடங்கு. கூடவே தண்ணீரில் ஊற்ற ஒரு திரவமும் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இந்தப் பருவத்துக்கு வேண்டவே வேண்டாம். பாதி விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: சாவது பெரியவை, தப்பிப்பது சின்னவை. அதை வைத்தே மேலே போகலாம்.

சிப்பிக்கு உடம்புச் சூடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. தண்ணீர் எவ்வளவு சூடோ, அதுவும் அவ்வளவு சூடு. தண்ணீர் 10 டிகிரி ஏறினால் உயிர் பிழைத்திருக்க அது செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதே நேரம் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 7.4 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 6.2தான். செலவு கூடுகிறது, மூச்சு குறைகிறது. ஓர் எல்லை வரை கூடுதலாகத் தின்று சமாளிக்கும். எல்லை தாண்டினால் இதயத் துடிப்பே சரியத் தொடங்கும்.

இதில் பெரிய சிப்பிக்கு மட்டும் இன்னொரு சுமை உண்டு, இனப்பெருக்கம். தண்ணீர் சூடேறும்போது சேர்த்து வைத்த சத்தையெல்லாம் முட்டையாகவும் விந்தாகவும் மாற்றி ஒரேயடியாகக் கொட்டிவிடும். கொட்டி முடித்த உடம்பில் கையிருப்பு எதுவும் இருக்காது. அந்த நேரத்தில் ஒரு வெப்ப அலை வந்தால் அவ்வளவுதான்.

இதை நீங்களே பார்க்கலாம். அடுத்த சூட்டில் சாவு தொடங்கியதும் தட்டிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து ஓட்டில் விரலால் தட்டுங்கள். நல்ல சிப்பி சட்டென்று மூடிக்கொள்ளும், திறக்கவே முடியாது. களைத்தது மெதுவாக மூடும், சற்று நேரத்தில் மறுபடி இளகித் திறக்கும். அப்படிப்பட்டதைத் திறந்து சதையைப் பாருங்கள். பால் கட்டியதுபோல் வெண்மையாகத் தடித்திருந்தால் இன்னும் முட்டை விடவில்லை. நீர் கோத்து, கண்ணாடிபோல் மெலிந்து, உள்ளே இருக்கும் கரும்பச்சைக் குடல் பகுதி வெளியே தெரிந்தால் கொட்டி முடித்துவிட்டது. பத்து சிப்பியில் எட்டு இப்படி இருந்தால் உங்கள் சிக்கலின் பெரும் பகுதி புரிந்துவிடும்.

சரி, இப்போது அந்தச் “சூடு தாங்கும் விதை”. அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. பசிபிக் சிப்பியைத் தாக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் உண்டு. அதன் வீரியமான வகை 2008இல் பிரான்சில் குஞ்சுச் சிப்பிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2010இல் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதே கதை. தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டியதும் தலைதூக்கும் நோய் அது. அதைத் தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, நன்றாகவே பிழைக்கும் விதையை உருவாக்கியிருக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தத் தாங்கும் சக்தி அந்த ஒரு வைரஸுக்கு மட்டும், அந்த ஒரு இனத்தில் மட்டும். அந்த வைரஸ் முக்கியமாகக் கொல்வதோ சின்னஞ்சிறு சிப்பிகளை. உங்களிடம் சாவது பெரியவை. அப்படியென்றால் அதே விதையை நேர்மையாகவே விற்றாலும் உங்களுக்கு அதனால் பயனில்லை. இனியும் யாராவது இப்படி விதை கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நோயைத் தாங்கும்? எந்த இனம்? எந்த அளவில், எந்தத் தண்ணீரில் வைத்துச் சோதித்தார்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பொதுவாக “சூடு தாங்கும்” என்பது எந்த நோய்க்கும் பெயரில்லை.

பெரியவை சாகும்போது சந்தேகப்பட வேண்டிய நோய் வேறு. பெர்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி மெதுவாகப் பெருகி, சிப்பி வளர்ந்தபின் கொல்லும். சூடான, உப்பான தண்ணீர் அதற்கு மிகவும் பிடிக்கும். 1990களின் தொடக்கத்தில் குளிர்காலம் இதமானபோது அது அமெரிக்கக் கிழக்குக் கரையில் வடக்கு நோக்கி ஏறியது.

திரவத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். திறந்த கடலில் ஊற்றுவது அடுத்த அலையில் போய்விடும். “தடுப்பூசி போன்றது” என்று சொன்னால் இன்னும் உஷாராகுங்கள். நமக்கு இருப்பதுபோல் ஆன்டிபாடி உருவாக்கும் ஏற்பாடு சிப்பிக்குக் கிடையாது.

அப்புறம், இதே ஆட்கள் அடுத்த முறை சாகிற சிப்பியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று வருவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவற்றை வேறொரு விரிகுடாவில் இறக்கி, தேறியதும் விற்பது வழக்கமாகிவிட்டது. ஒட்டுண்ணி ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் இப்படித்தான். நல்ல தோட்டங்கள் இரண்டு மூன்று வருடத்தில் வெறும் ஓடாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் ஆத்திரமாக வருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வெப்பத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவி இரண்டு வாங்குங்கள். ஒன்றை மேல் தட்டிலும் மற்றதை இரண்டு மூன்று மீட்டர் கீழேயும் கட்டுங்கள். செயற்கைக்கோள் சொல்வது கடலின் மேல்தோல் சூட்டை மட்டும்தான், உங்கள் தட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆக்சிஜனை விடிவதற்குச் சற்று முன் அளந்து பாருங்கள். பகலில் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே காட்டும். கீழே ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவும் ஆக்சிஜன் போதுமானதாகவும் இருந்தால் வெயில் காலத்தில் தட்டுகளை இறக்கிவிடுங்கள். ஒரு தட்டில் போடும் எண்ணிக்கையைக் குறையுங்கள். பாசியும் ஓட்டில் ஒட்டி வளரும் கொட்டலசும் சுரண்டும் வேலையைச் சூட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சூடான நாளில் தரம் பிரிக்கிறேன், இடம் மாற்றுகிறேன் என்று தொடவே கூடாது. விற்பனை அளவை எட்டியதை முட்டை விடும் முன்பே எடுத்துவிடுங்கள். கொஞ்சம் சின்னதாக விற்பது, செத்ததை அள்ளிக் கொட்டுவதைவிட லாபம்.

ஆய்வகம் “காரணம் தெரியவில்லை” என்றதில் எனக்கு வியப்பில்லை. அதிகாரி வந்து பார்க்கவே வாரக்கணக்காகிறது. அதற்குள் சதை அழுகி ஓடுதான் மிஞ்சுகிறது. ஓட்டை வைத்து யாரும் நோய் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இழப்பீட்டுப் படிவம் மட்டும் அந்த ஆய்வகச் சான்றைத்தான் கேட்கும்! அவர்கள் வரும் வரை காத்திருக்காதீர்கள். செத்ததை விட்டுவிட்டு, வாய் லேசாகப் பிளந்து இன்னும் உயிரோடிருக்கும் இருபது முப்பது சிப்பிகளை எடுங்கள். ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டுக் கட்டி, ஐஸ்மேல் வையுங்கள். உருகிய நல்ல தண்ணீர் சிப்பியில் படக் கூடாது, உறையவும் கூடாது. அன்றே அனுப்புங்கள், பெர்கின்சஸ் சோதனை வேண்டும் என்று பெயர் போட்டுக் கேளுங்கள். வெறுமனே “நோய் இருக்கிறதா” என்று கேட்டால் பொத்தாம்பொதுவாக ஒரு பதில்தான் வரும்.

கடைசியாக ஒன்று. பெர்கின்சஸ் மனிதரை ஒன்றும் செய்யாது, ஆனால் சூடான தண்ணீரில் பெருகும் விப்ரியோ பாக்டீரியா செய்யும். 2004இல் அலாஸ்காவில் தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டிய கோடையில், பச்சையாகச் சிப்பி தின்ற கப்பல் பயணிகள் நோயில் விழுந்தார்கள். அவ்வளவு வடக்கே அப்படி நடக்கும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. சூடான வாரங்களில் எடுத்த சிப்பியை எடுத்த கையோடு குளிரில் வையுங்கள், வாய் பிளந்ததை விற்பனைக் கூடையில் சேர்க்காதீர்கள்.