தொழிலதிபராக இருந்து அரசியலுக்கு வந்தவர்களில் உருப்படியாக ஏதாவது செய்தவர் உண்டா?

உண்டு. என் தேர்வு ஹேசன் பிங்ரீ. அமெரிக்காவின் டெட்ராய்டில் ஷூ தயாரித்துப் பணக்காரரானவர். பிறகு அந்த ஊர் மேயர், கடைசியில் மிச்சிகன் மாநில ஆளுநர். (அங்கே ஆளுநர் தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும், நம் முதலமைச்சர் மாதிரி.)

1840இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைச் சிப்பாயாக இருந்தபோது பிடிபட்டு, தெற்கின் சிறை முகாம்களில் கிடந்தார். ஒருநாள் பெயர் கூப்பிட்டபோது வேறொரு கைதியின் பெயருக்குக் குரல் கொடுத்து வெளியே வந்துவிட்டார். ஆள் அப்படி!

1866இல் சார்லஸ் ஸ்மித்துடன் கூட்டாகத் தொடங்கிய ஷூ தொழில் நன்றாக வளர்ந்தது. 1889இல் அவரை மேயர் தேர்தலில் நிறுத்தியவர்கள் குடியரசுக் கட்சியின் பெரும்புள்ளிகள். ‘நம்மாள், செலவைக் குறைப்பார்’ என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு ஜோடி ஷூவின் அடக்க விலை தெரிந்தவரிடம் டிராம், கேஸ், மின்சாரக் கம்பெனிகளின் கணக்கு எடுபடவில்லை. டிராமுக்கு 5 சென்ட் எதற்கு, 3 போதாதா என்று மல்லுக்கட்டினார். 1895இல் 3 சென்ட் டிராம் ஓடியது. தெருவிளக்குக்கு நகராட்சியே மின்நிலையம் வைத்தது. பழைய நண்பர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது உருளைக்கிழங்கு விவகாரம். 1893 பொருளாதார நெருக்கடியில் ஊரெல்லாம் வேலையில்லை. மனை விலை ஏறட்டும் என்று சும்மா போட்டிருந்த காலி நிலங்களைக் கேட்டு வாங்கி, 1894இல் ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். 400 ஏக்கருக்கு மேல் உருளைக்கிழங்கும் பீன்ஸும் விளைந்தன. விதைக்கும் உழவுக்கும் காசு திரட்டத் தன் குதிரையையே ஏலம் விட்டார். கேலி செய்தார்கள்தான், ஆனால் மற்ற நகரங்களும் இதைப் பின்பற்றின.

1897இல் ஆளுநரானதும் மேயர் நாற்காலியையும் விட மனமில்லை. இரண்டும் ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் ராணுவச் சீருடை ஊழலில் சிக்கிய தன் அதிகாரிகளுக்குப் பதவி முடியும் நேரத்தில் மன்னிப்பு கொடுத்தார். அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆனால் ரயில்வே கம்பெனிகளும் மற்றவர்களைப் போலச் சொத்து மதிப்புக்கு வரி கட்ட வேண்டும் என்று விடாமல் நின்றார். அவர் கொண்டுவந்த சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தது. 1900இல் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்களே ஓட்டுப் போட்டு வழி திறந்தார்கள். அடுத்த ஜூனில் லண்டனில் இறந்தார், வயது 60.