ஆற்றுவாழையில் அடுப்பெரியுமா? கேள்வி பதில்

நாவிதன்வெளியிலிருந்து: சேர், கிட்டங்கிப் பாலத்தடியில ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) குவிஞ்சு கிடக்கு. அதை மட்டும் வச்சு வீட்டுக்கு கேஸ் எடுக்க ஏலுமா?

ஏலும். கணக்குத்தான் உதைக்கும். பச்சைச் செடி 100 கிலோவில் 94 கிலோ தண்ணீர். மிச்சம் ஆறு கிலோ, காற்றுப் புகாத தாங்கியில் அழுகும்போது ஏறத்தாழ ஒரு கன மீற்றர் வாயு வரும். அது சிலிண்டர் கேஸ் 450 கிராமுக்குச் சமன். அப்படியென்றால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சம் பிடிக்க ஏறத்தாழ இரண்டே முக்கால் தொன் செடி வார வேண்டும். மாடு வைத்திருப்பவர் சாணத்தோடு தாங்கிக்குத் துணைத்தீனியாகப் போட்டால் பிரயோசனம். மாடில்லாமல், வண்டிக்கூலியும் கொடுத்து இழுப்பது வீண்.

வெல்லாவெளியிலிருந்து: ரெண்டு மாடு நிக்குது, 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கியும் இருக்கு. அளவுகளைச் சொல்லுங்க.

800 லீற்றர் வரை கரைசல், மேலே வெறுமை, வாயுவுக்கு வெளியே ட்ரக்டர் டியூப். முதலில் சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து நிரப்பி மூன்று கிழமை விடுங்கள். அதுவரை செடி வேண்டாம். முதலில் வரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். பற்றவைக்காமல் வெளியே விட்டுவிடுங்கள். நீலச் சுடர் நின்று எரியத் தொடங்கிய பிறகு நாளுக்கு 20 லீற்றர்: செடி 10 கிலோ, சாணம் 4 கிலோ, தண்ணீர் 6 லீற்றர். இதைத் தாண்டினால் உள்ளே போனது 40 நாள் தங்காது, அரைகுறையாகச் செமித்து வெளியேறும்.

வேரை வெட்டி விடுங்கள், அதில் இருப்பது மண்தான். இலையையும் காம்பையும் ஒரு அங்குலத் துண்டாக வெட்டி, உலக்கையால் குத்திச் சாணக் கரைசலில் ஒரு இரவு ஊறவிட வேண்டும். குத்துவதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், தேன்கூடு மாதிரிக் காற்றறைகள் தெரியும். அதை உடைக்காமல் போட்டால் துண்டெல்லாம் மிதந்து மேலே ஆடை கட்டும். வாயு கீழே சிக்கும், உள்குழாய் அடைபடும்.

கிடைப்பது நாளுக்குக் கால் கன மீற்றர், அதாவது 40 நிமிடச் சுடர். தேத்தண்ணிக்கும் ஒரு கறிக்கும் காணும். சோறு வேறு அடுப்பில்தான்.

கல்முனையிலிருந்து: அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா எரிஞ்ச அடுப்பு இப்ப அணைஞ்சு அணைஞ்சு போகுது. வெளிய வாற கரைசல் புளிச்ச மணம்.

வஅலைக்கும் ஸலாம். தீனி கூடிப்போயிற்று. அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், மீதேன் தருபவை மெதுவாகத்தான். ஒரு கிழமை எதுவும் போடாதீர்கள். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் 6.5க்குக் கீழே காட்டினால் 100 கிராம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, அடுத்த நாள் திரும்பப் பாருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சி, தாங்கி உள்வாங்கி நசுங்கும். பிறகு பாதி அளவில் தொடங்குங்கள்.

புளிப்பில்லாமல் சுடர் மட்டும் துடித்தால், குழாயின் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். கழற்றி வடியுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: சல்வீனியாவும் போடலாமா?

வேண்டாம். அந்த மிதக்கும் நீர்ப்பன்னத்தில் நார் கூட, வாயு குறைவு.

மட்டக்களப்பிலிருந்து: மிஞ்சும் கரைசலை மரக்கறிக்கு ஊற்றலாமா? செடியை வீட்டுக் குளத்திலயே வளர்த்தா வசதிதானே?

நகர வடிகான் ஓரத்துச் செடி ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அந்தக் கரைசல் கீரைக்கு வேண்டவே வேண்டாம், பூமரத்துக்கு ஊற்றுங்கள். வயல்வெளிச் செடியென்றால் தென்னைக்கு நல்ல பசளை. வாய்க்காலில் மட்டும் விடாதீர்கள், விதை சாகாமல் வெளியே வரலாம்.

வளர்ப்பது கூடவே கூடாது. இதை ஒழிக்க 1909 இலேயே தனிச் சட்டம் போட்ட நாடு இது. வாரும்போதும் சாக்கில் கட்டித்தான் ஏற்ற வேண்டும். வழியில் வாய்க்காலில் விழும் ஒரு துண்டே போதும், அங்கேயும் பிடித்துவிடும். தண்ணீரில் இறங்காமல் நீளக் கொக்கியால் கரையிலிருந்து இழுங்கள். அந்தச் செடிப் படைக்குக் கீழே முதலை கிடந்தால் தெரியாது.