பழைய லாரிக்கு ஒரே ஷாஃப்டா, இரண்டு துண்டு ஷாஃப்டா?

கிருஷ்ணகிரியில் 30 ஆண்டுகளாகப் பழைய லாரிகளுக்கு ஷாஃப்ட் வேலை செய்துவருகிறேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீளக் குழாய்தான் ஷாஃப்ட். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (பாலக்கோடு): பழைய டாடா 1210 லாரியைப் புதுப்பிக்கிறேன். இரண்டு துண்டு ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் அடிக்கடி தேய்வதால், அதை எடுத்துவிட்டு ஒரே நீள ஷாஃப்டாகப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். நீளக் குழாய் சுழலும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுவில் வில்லாக வளைந்து, கயிறாட்டத்தில் சுழலும் கயிற்றைப் போல வீசத் தொடங்கும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வெளிவிட்டம் 90 மில்லிமீட்டரும் சுவர்த் தடிமன் 3 மில்லிமீட்டரும் உள்ள இரும்புக் குழாய், 3 மீட்டர் நீளத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1650 சுற்றிலேயே வீசும்; 1.5 மீட்டராக இருந்தால் சுமார் 6600 வரை தாங்கும். அந்த எல்லையின் முக்கால் பங்கைத் தாண்டாமல் ஓட்டுவதே பாதுகாப்பு. உங்கள் எஞ்சினோ 2800 சுற்று வரை போகக்கூடியது. டாப் கியரில் எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே ஷாஃப்டும் சுற்றும். பேரிங் அடிக்கடி போனால், அதைச் சுற்றியுள்ள ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள். கியர்பாக்ஸ் சீலில் கசிந்த எண்ணெய் குடித்து அது களிபோலக் குழைந்திருந்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சீலைத்தான்.

கேள்வி (அரூர்): வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) குறைந்த டிப்பருக்கும் இரண்டு துண்டு வேண்டுமா?

பதில்: தேவையில்லை. நீளம் ஒன்றரை மீட்டர் அளவில் இருந்தால் ஒரே ஷாஃப்ட் போதும். தேயும் உறுப்புகளும் குறையும்.

கேள்வி (ஊத்தங்கரை): ஷாஃப்டைக் கழற்றி, முனை மூட்டில் உள்ள சிலுவை வடிவக் கிராஸை மாற்றிப் பூட்டியதிலிருந்து வண்டி அதிர்கிறது. பேலன்ஸ் செய்தும் தீரவில்லை. ஏன்?

பதில்: ஷாஃப்டின் பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசையான ஸ்பிளைனைத் தவறான பல்லில் செருகியிருப்பார்கள். கிராஸ் ஜாயின்ட் சாய்வாகச் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பின் ஷாஃப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே தளத்தில் இருந்து, இரு முனைச் சாய்வும் சமமாக இருந்தால்தான் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுகட்டும். முன் ஷாஃப்டுக்கு அப்படி ஈடுகட்டத் துணை இல்லை. ஆகவே அது கியர்பாக்ஸுடன் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். முற்றிலும் நேராகவும் கூடாது; அரை டிகிரியாவது சாய்ந்திருந்தால்தான் கிராஸின் பேரிங்கில் உள்ள ஊசி ரோலர்கள் உருளும், இல்லையேல் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.

என் தொடக்க காலத்தில் பர்கூருக்குக் கல் ஏற்றும் ஒரு லாரிக்கு நானே ஒரு பல் தவறிப் பூட்டி, இரண்டு நாள் டயரையும் எஞ்சின் மவுண்டையும் குறை கூறிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கழற்றும் முன்பே சுண்ணக்கட்டியால் இரு பக்கமும் கோடிழுக்கிறேன்; குழாயில் தேடிப் பார்த்தால் அம்புக்குறியும் தென்படலாம். அண்மையில் ஸ்பிரிங் பட்டை கூட்டியிருந்தால் சாய்வையும் அளக்கச் சொல்லுங்கள். சேசிஸ் உயர்ந்தால் பின் ஷாஃப்டின் கோணமும் மாறிவிடும்.

கேள்வி (தருமபுரி): தொப்பூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் அடியில் ‘டக்’ என்ற ஓசை கேட்கிறது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீர்கள். அதுவரை எஞ்சின் சக்கரத்தைத் திருப்பியது. காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைத் திருப்பத் தொடங்குகிறது. கிராஸிலோ ஸ்பிளைனிலோ உள்ள தேய்மானம் அந்த நொடியில்தான் ஓசையாக வெளிப்படும். ஷாஃப்ட் அறுந்தால், கீழ் கியரில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் எஞ்சினின் பிடியும் போய், முழுச் சுமையும் பிரேக் மீது விழும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராஸை மாற்றிவிட்டு இறங்குங்கள். முன் ஜாயின்டுக்கு அருகில் ஒரு காப்பு வளையமும் பொருத்திக்கொள்ளுங்கள். அறுந்த முனை தார்ச்சாலையில் குத்தாமல் அது தாங்கிக்கொள்ளும்.