மனுவும் திட்டமும்

நாடாளுமன்றத்தில் இரண்டு முறை உறுப்பினராக இருந்த ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: சட்டம் இயற்றவும் நாட்டின் வரவுசெலவை ஆராயவும்தான் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறோம். பட்டா, சாக்கடை, உதவித்தொகை என்று ஊர் ஊராக மனு வாங்குவது அவருடைய வேலையா? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: டெல்லிக்குப் போன புதிதில் நானும் உங்களைப் போலவே எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு வங்கிப் புத்தகம். மனு வாங்கும் நாளொன்றில், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து என் மேசைமேல் விரித்து வைத்து, கடைசி வரவுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். முதியோர் உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. ஆதாரில் ஒரு முன்னெழுத்தும் கணக்கில் வேறொரு முன்னெழுத்தும் இருந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. வட்டாட்சியருக்குக் கடிதம் எழுதினேன்; பணம் வந்துவிட்டது.

பெரும்பாலான உறுப்பினர்களின் பணி அந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். அந்தத் தொகையில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு என்று அன்றிரவு தேடிப் பார்த்தேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது மாதம் 75 ரூபாய். 2006-07இல் அது 200 ரூபாயானது. 80 வயதைக் கடந்தவர்களுக்கு 2011இல் 500 ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்குக் குறைந்த வயதினருக்கு, பத்தாண்டுகளுக்கு மேல் விலைவாசி ஏறிய பின்னும், அதே 200 ரூபாய்தான். தமிழ்நாட்டில் 2011 முதல் 1,000 ரூபாயும் 2023 முதல் 1,200 ரூபாயும் கிடைப்பது மாநில அரசு தன் பங்கைக் கூட்டிப் போடுவதால்தான். அந்த அம்மாளின் முன்னெழுத்தை வட்டாட்சியரால் திருத்த முடியும். 200 ரூபாயைத் திருத்த வேண்டிய இடம் நாடாளுமன்றம். ஆகவே மனு வாங்குவது எம்.பி.யின் வேலைதான், ஆனால் அது அவருடைய வேலையின் தொடக்கம் மட்டுமே.

அதைக் கேட்பதற்கு வழிகளும் உண்டு. மக்களவையில் ஒரு நாளைக்கு, அவையிலேயே வாய்மொழியாகப் பதில் கேட்கும் 20 நட்சத்திரக் கேள்விகள் பட்டியலாகின்றன. குலுக்கலில் நம் கேள்வி விழுந்து, அவையில் அதன் முறையும் வந்தால் அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், நான் அதிகம் நம்பியது, அமைச்சகங்களின் செலவை ஆராயும் உறுப்பினர் குழுக்களான துறைசார் நிலைக்குழுக்களைத்தான். நிதிநிலை அறிக்கையில் பெரும்பாலான அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்கு அவை கேட்கும் தொகைகள், விவாதமே இல்லாமல் கடைசி நாளில் ஒட்டுமொத்தமாக வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. ‘கில்லட்டின்’ என்பது அதற்குப் பெயர். அப்படி நிறைவேறும் கோடிகளை யாரேனும் வரிவரியாகப் படித்துப் பார்க்கிறார்கள் என்றால், அது 31 உறுப்பினர்கள் உட்காரும் நிலைக்குழு அறையில்தான். அந்த அறைக்குச் செல்லும்போது மனுக் கட்டிலிருந்து நாலு தாள்களையாவது எடுத்துச் செல்வேன். புள்ளிவிவரம் காட்டும் அதிகாரிக்கு அதற்குமேல் பேச்சு எழாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருந்தும் குறைகள் தீராதது ஏன்? (தருமபுரி வாசகர்)

பதில்: அந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை; அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்குவதால், பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 83 லட்சம்தான் வரும். வகுப்பறையும் குடிநீர்த் தொட்டியும் கட்டலாம். ஒரு வட்டாரத்தின் வேலையின்மையை அதனால் தீர்க்க முடியாது.

கேள்வி: நாட்டுக்கே பெரிய திட்டம் தந்தவர்கள் சொந்தத் தொகுதியில் தோற்றிருக்கிறார்களே, வாக்காளர்களுக்கு நன்றியில்லையா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: உங்கள் ஊர்ப்பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1964இல் மத்திய அமைச்சராக உணவுத் துறையை ஏற்ற அவர், தொடர்ந்து மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு காத்திருந்த காலத்தில், 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையைத் தருவித்தார். டெல்லியில் தன் வீட்டுப் புல்வெளியையே வயலாக்கி அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டியவர் அவர். 1966-67இல் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், மறு ஆண்டில் ஏறத்தாழ 1.65 கோடி டன்னைத் தொட்டது. ஆனால் தேர்தல் நடந்தது 1967 பிப்ரவரியில். கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றார்.

இதை நன்றிகெட்டதனம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இந்தி எதிர்ப்பின் கொந்தளிப்பும் அந்தத் தேர்தலில் இருந்தது. அதற்காக 1965இல் பதவி விலக முன்வந்தவர் அவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதோடு, விதை பஞ்சாபின் மண்ணுக்குள் இருந்தது, அரிசித் தட்டுப்பாடோ இங்கே அடுப்படியில் இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று எதிரணி சொன்னபோது, பாதிப் படியோடு திரும்பிய தாய்மார்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். அவர் செய்தது சரி. அவர்கள் கேட்டதும் நியாயம். ஒரு திட்டம் பலன் தர எத்தனை பருவங்கள் ஆகும், அதுவரை இந்த ஊர் எதைச் சாப்பிடும் என்பதைத் தொகுதியில் நின்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியவர் எம்.பி.; என் இரண்டு தேர்தல்களிலும் நான் போதுமான அளவு சொல்லாமல் விட்டது இதைத்தான்.