வாசகர் கேள்வி: ஜப்பான் ஒப்பந்தத்தால் யாருக்கு லாபம்?

கேள்வி: முதலமைச்சர்கள் ஜப்பானுக்குப் போய் ஒப்பந்தம் போடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதனால் என்ன கிடைக்கும்?
- வாசகர், வாலாஜாபாத்

பதில்: வேலை கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்காது. கார் தயாரிக்கும் ரெனோ-நிசான் நம் அரசோடு ஒப்பந்தம் போட்டது 2008-இல். ஒரகடம் ஆலை திறந்தது 2010-இல். 2023 மே மாதம் டோக்கியோவில் ஓம்ரான் ஹெல்த்கேர் என்ற ஜப்பானிய நிறுவனம் 128 கோடி ரூபாய்க்குக் கையெழுத்திட்டது, இரத்த அழுத்தக் கருவிகளை இங்கே தயாரிக்க.

அம்பத்தூரில் ஓர் உதிரிபாகப் பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். ஜப்பானிய நிறுவனம் ஒன்றிலிருந்து முதன்முதலில் வந்தவர்கள் விலையைக் கேட்கவே இல்லை. "ஒரு துண்டு பழுதானால், அது எந்த இயந்திரத்தில், எந்த ஷிப்டில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். எங்களிடம் பதில் இல்லை. எட்டு மாதம், உதிரிபாகம் வைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் எந்த இயந்திரம், எந்த ஷிப்ட் என்று சீட்டு எழுதிப் பழகினோம். அப்புறம்தான் ஆர்டர் வந்தது. பிறகு வருடக்கணக்கில் நிற்கவில்லை. அரசு போடும் ஒப்பந்தம் கதவைத் திறந்துவிடும். உள்ளே நிலைப்பது இந்தச் சீட்டால்தான்.

சரி, உங்கள் பிள்ளை ஐடிஐ படிக்கிறானா? தடிமனை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிழையில்லாமல் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். சென்னையில், ஜப்பானில் பயிற்சி பெற்று வந்தவர்களின் சங்கமான ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள். அதிலும் சேர்த்துவிடுங்கள்.